காட்சியும் நற்காட்சியும்



புத்தர், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளை வணங்கி, நாம் இன்று எடுத்துக்கொள்ளும் பொருள், நாள்தோறும் ஒரு புகைப்படம் எடுக்கும் பழக்கத்தைப் பற்றியது. தம்மச் சொற்பொழிவுக்கு இஃதும் ஒரு பொருளா என்று பெரியவர் சிலர் ஐயுறலாம். கைப்பேசியைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டிய உபதேசகரே அதைக் கையில் எடுக்கச் சொல்கிறாரே என்று தாய்மார்கள் மனத்தாங்கல் கொள்ளலாம். முழுவதும் கேட்டபின் முடிவு செய்யுங்கள். கேட்டோம் என்பதற்காகவே எதையும் ஏற்க வேண்டுவதில்லை என்று கற்பித்த ஆசானின் மாணவர் அல்லரோ நாம்!

மஜ்ஜிம நிகாயத்தின் கடைசிச் சூத்திரத்திற்கு இந்திரிய பாவனா சூத்திரம் என்று பெயர். அதில் உத்தரன் என்னும் இளைஞன் ஒருவன் பகவரிடம் வருகிறான். புலனடக்கத்தை உன் ஆசிரியர் எவ்வாறு கற்பிக்கிறார் என்று பகவர் வினவுகிறார். கண்ணால் உருவத்தைக் காணாதிருத்தலும், செவியால் ஒலியைக் கேளாதிருத்தலுமே புலனடக்கம் என்று எங்கள் ஆசிரியர் பாராசரியர் கற்பிக்கிறார் என்று அவன் விடையிறுக்கிறான். அப்படியாயின் கண்ணிழந்தவரும் செவியிழந்தவருமே புலனடக்கத்தில் முதிர்ந்தவர் ஆவர் அன்றோ என்று பகவர் சொல்ல, உத்தரன் தலைகுனிந்து வாளாவிருக்கிறான்.

இதனால் நாம் அறிவது யாது? ததாகதரின் நெறி கண்ணை மூடும் நெறியன்று. கண்ணைப் பழக்கும் நெறி. வீட்டின் வாயிலுக்குக் காவல் வைப்பது வேறு, வாயிலையே சுவரெழுப்பி அடைத்துவிடுவது வேறு. அடைத்த வீட்டில் திருடனும் வாரான், விருந்தினனும் வாரான்.

நிற்க. இன்று நம்மவர் கையில் காமிரா இல்லாத கை அரிது. கூலி வேலைக்குச் செல்லும் பிள்ளையின் சட்டைப் பையிலும் ஒன்று இருக்கிறது. முற்காலத்தில் படம் எடுக்க வேண்டுமாயின் தலைவாரி, நல்லாடை உடுத்தி, ஸ்டுடியோவுக்குச் சென்று, மூச்சடக்கி அமர்ந்திருக்க வேண்டும். அதற்கும் காசு இருக்க வேண்டும். இன்றோ ஒரு திருமண வீட்டில் ஒரு நாழிகைக்குள் ஆயிரம் படங்கள் எடுக்கப்படுகின்றன. எடுத்தவரே அவற்றை மறுமுறை பார்ப்பதில்லை. படங்கள் பெருகின, காட்சி சுருங்கிற்று. விரல் தொட்டதைக் கண் தொடவில்லை. ஆதலின் படம் எடுப்பதெல்லாம் காண்பதாகாது என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். நாம் பேசுவது ஒரு நாளைக்கு ஒரே படம் எடுக்கும் பழக்கத்தைப் பற்றி. ஒன்றே ஒன்று என்னும்போதுதான் எதை எடுப்பது என்னும் எண்ணம் பிறக்கிறது. எண்ணம் பிறந்தால் கண் நிற்கிறது. கண் நின்றால் மனமும் சற்று நிற்கிறது.

இவ்வாறு வாழ்ந்து காட்டியவர் ஒருவரைச் சொல்வோம். அமெரிக்க நாட்டில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் இருந்தார். கல்லூரி மாணவராயிருந்த 1979-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31-ஆம் நாள் அவர் தம் போலராய்டு காமிராவால் ஒரு படம் எடுத்தார். அக்காமிராவில் எடுத்த படம் அப்போதே அதன் வாய் வழியே வெளிவந்து, சிறிது நேரத்தில் தானே துலங்கும். கழுவி அச்சிட வேண்டுவதில்லை. அழித்து மீண்டும் எடுக்கவும் இயலாது. நாளொன்றுக்கு ஒன்று என்று வரையறுத்துக்கொண்டு பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் அப்பழக்கத்தைக் கடைப்பிடித்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. அவற்றுள் பெரும்பான்மை யாவை? நண்பர் முகம், உண்ட தட்டு, நடந்த தெரு, அமர்ந்த அறை. உலக அதிசயங்களைத் தேடி அவர் ஓடவில்லை. அன்றைய நாள் எதைக் கொண்டுவந்ததோ அதை ஏற்றுக்கொண்டார்.

பின்னர் அவருக்குக் கொடிய நோய் கண்டது. படம் நின்றுவிடவில்லை. மருத்துவமனைக் கட்டிலும், சிகிச்சையால் மாறிய தம் தலையும் அன்றன்றைய படமாயின. இறுதி வாரங்களில் அவர் திருமணமும் செய்துகொண்டார். அதுவும் ஒரு நாளின் படமாயிற்று. 1997 அக்டோபர் 25-ஆம் நாள், தம் நாற்பத்தோராவது பிறந்த நாளில், அவர் காலமானார். படவரிசையும் அந்நாளோடு முடிகிறது. பிறப்பு, பிணி, சாக்காடு என்று நாம் நாள்தோறும் ஓதுவதை, பௌத்தர் அல்லாத ஒரு மனிதர் தாளில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார். அவ்வரிசையில் கடைசிக்கு முந்தைய படமும் முதற்படத்தின் அளவே உடையது. நல்ல நாளுக்குப் பெரிய படம், தீய நாளுக்குச் சிறிய படம் என்பது அங்கே இல்லை.

அவருக்காவது நடமாடுவதற்கு ஒரு பெருநகரம் இருந்தது என்பீர்கள். ஒரு பலகணி மட்டுமே போதும் என்று காட்டியவரும் உண்டு. செக் நாட்டில் 1896-இல் பிறந்த ஜோசப் சுடெக் என்பவர் புத்தகம் கட்டும் தொழிலாளி. முதல் உலகப் போரில் காயமுற்று வலக்கையை இழந்தார். புத்தகம் கட்ட இரு கையும் வேண்டுமே! தொழில் போயிற்று, காமிராவைப் பற்றினார். பின்னர் ஜெர்மானியப் படை பிராகு நகரைப் பிடித்துக்கொண்ட காலத்தில், வெளியே காமிராவோடு திரிவது இடர் ஆயிற்று. அவர் தம் சிறிய படப்பிடிப்பு அறையின் சன்னலைப் பார்த்து அமர்ந்தார். 1940 முதல் 1954 வரை அந்த ஒரு சன்னலை மீண்டும் மீண்டும் எடுத்தார். கண்ணாடியில் ஒரு நாள் பனி, ஒரு நாள் மழைத்துளி. வெளியே கோணல் மரம் ஒன்று. அதில் ஒரு பருவத்தில் பூ, ஒரு பருவத்தில் வெறுங்கிளை. சன்னல் விளிம்பில் ஒரு குவளைத் தண்ணீர். இவ்வளவே. உலகத்தார் இன்று அப்படங்களைப் போற்றிக் காண்கிறார்கள். சன்னல் அதுவே, நாள் அதுவன்று. அநித்தம் என்னும் சொல்லை நாம் நூலில் படிக்கிறோம். அவர் கண்ணாடியில் படித்தார்.

மற்றொருவர் வில்சன் பென்ட்லி என்னும் அமெரிக்க உழவர். பள்ளிப்படிப்பைப் பெரும்பாலும் வீட்டில் தாயிடமே பெற்றவர். 1885 ஜனவரி 15-ஆம் நாள், பத்தொன்பது வயதில், விழுகின்ற பனியின் ஒரு துகளை நுண்பெருக்கிக் கண்ணாடியின் வழியே முதன்முதலாகப் படம் பிடித்தார். 1931-இல் இறக்கும்வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பனித்துகள்களைப் படம் பிடித்தார். குளிர்ந்த கொட்டகையில் நின்று, துகளை மெல்ல எடுத்து வைத்து, தம் மூச்சின் வெம்மை பட்டால் அஃது உருகிவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு அவர் அதைச் செய்வார். மூச்சின்மேல் கவனம் வைக்காமல் ஓர் அழகையும் காண முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இம்மூவரும் செய்தது நமக்குப் புதிதன்று. நம் மரபிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. இராசகிருகத்தில் ஜீவகரின் மாந்தோப்பில் இருந்த சுள்ளபந்தகர் என்னும் இளம் பிக்குவின் வரலாற்றை அறிவீர்கள். நான்கு திங்கள் முயன்றும் அவரால் ஒரு செய்யுளை மனப்பாடம் செய்ய இயலவில்லை. உடன்பிறந்த அண்ணனாகிய மகாபந்தகரே, நீ சங்கத்துக்கு ஆகாய் என்று அனுப்பிவிட்டார். அழுதுகொண்டு நின்ற அவரைப் பகவர் கண்டார். கண்டு, ஏடு ஒன்றையும் கொடுக்கவில்லை; வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைக் கொடுத்தார். கதிரவனை நோக்கி அமர்ந்து இதனைத் தேய்த்துக்கொண்டிரு என்றார். தேய்க்கத் தேய்க்கத் துணி அழுக்காயிற்று. வெண்மையாயிருந்தது இவ்வாறு ஆயிற்றே என்று அவர் அதைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், மனம் திறந்தது. நூல் கற்க மாட்டாதவருக்கு நூலால் நெய்த துணியே நூலாயிற்று!

ஒரு துண்டுத் துணியில் விடுதலை அடங்கியிருக்குமாயின், நம் வீட்டுக் கொடியில் உலரும் துணியை நாம் ஏன் பார்ப்பதில்லை? தெருவில் கிடப்பது, அடுப்பில் எரிவது, வாசலில் நிற்பது ஆகியவற்றில் எதுவும் பார்க்கத் தகாதது அன்று. பார்க்கும் பழக்கமே குறைவு.

நூற்பாலையில் நாம் உழைத்த காலத்தைப் பற்றி ஈண்டுச் சில சொற்கள் கூறுவது பொருந்தும். ரிங் பிரேம் பகுதியில் நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒருங்கே சுழலும். அவற்றிடையே ஓர் இழை அறுந்தால் நடையை நிறுத்தாமலே கண் அதைப் பிடிக்க வேண்டும். கை அதை இணைக்க வேண்டும். எட்டு மணி நேரமும் அதே வேலை. அவ்வேலை நம் கண்ணைக் கூர்மையாக்கிற்று. ஆனால் குறை ஒன்றையே காணும்படி கூர்மையாக்கிற்று. சீராக ஓடுகின்ற முந்நூறு இழைகளைப் பார்ப்பதற்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. அறுந்த ஒன்றுக்கே கூலி. தொழிலாளியின் கண் பெரும்பாலும் இவ்வாறு அடகு வைக்கப்பட்ட கண். ஆலை மூடப்பட்டபின் வேலை இல்லாமல் நின்றது கை மட்டுமன்று, கண்ணுமே.

நாளொரு படம் என்னும் பழக்கம் அந்தக் கண்ணுக்கு ஒரு புதுத் தொழில் கொடுத்தது. விடியற்காலையில் குழாயடியில் வரிசை வைத்த பிளாஸ்டிக் குடங்கள். பச்சை, நீலம், சிவப்பு. எந்த ஓவியனும் அவற்றை அவ்வாறு அடுக்கவில்லை. நம் பெண்மக்களின் அவசரம் அடுக்கிற்று. இஸ்திரி போடுபவரின் பெட்டியில் கரி கனன்று சாம்பல் பூக்கும் கணம். சிமெண்டு ஓட்டுக் கூரையின்மேல் முருங்கை இலையின் நிழல். மழை நின்றபின் சாலைக் குழியில் தேங்கிய நீரில், தலைகீழாக நிற்கும் மின்கம்பம். பூக்காரம்மையாரின் ஈரச் சாக்கின்மேல் உதிர்ந்த நான்கு மல்லிகை. இவையெல்லாம் நேற்றும் இருந்தன. முப்பது ஆண்டுகளுக்கு முன்னும் இருந்தன.

இங்கே ஒரு வினா எழும், எழவும் வேண்டும். "ஐயா, நமக்குக் குடிநீர் முறையாக வாராத காரணத்தால் அல்லவோ குடங்கள் வரிசை நிற்கின்றன? அதில் அழகைக் காண்பது, பசியில் கிடப்பவனின் எலும்பை எண்ணி வியப்பது போல் ஆகாதா? போராட வேண்டிய மக்களுக்கு அழகு எதற்கு?" இவ்வாறு ஓர் இளைஞர் நம்மிடம் கேட்டார். மிக நல்ல கேள்வி.

அதற்கு விடையும் ஆலைக்குள்ளேயே இருக்கிறது. காலை ஷிப்டில் கிழக்குச் சன்னல்களின் வழியே வெயில் சாய்ந்து விழும்போது, பஞ்சுத் துகள்கள் அந்த ஒளிக்கற்றையில் மிதந்து வரும். பொன்தூள் காற்றில் நடப்பது போலிருக்கும். அதுபோன்ற அழகை நாம் வேறெங்கும் கண்டதில்லை. அதே பஞ்சுத் தூசிதான் தொழிலாளியின் நுரையீரலுக்குள் சென்று நெஞ்சை இறுக்கி இளைப்பு நோயைத் தருவது. மருத்துவர் அதற்குப் பைசினோசிஸ் என்று பெயரிட்டிருக்கின்றனர். அந்தத் தூசி அழகானது என்பது பொய்யா? இல்லை. நஞ்சு என்பது பொய்யா? அதுவும் இல்லை. அழகை மட்டும் காண்பவன் மயங்குகிறான்; நஞ்சை மட்டும் காண்பவன் கசந்து போகிறான். இரண்டையும் ஒருங்கே, உள்ளது உள்ளவாறு காண்பதையே பெரியோர் நற்காட்சி என்றனர். எண்வகை வழியில் அது முதலாவதாக வைக்கப்பட்டதன் காரணமும் இதுவே.

அழகைக் காணப் பழகிய கண் அநீதியைக் காணாமல் போவதில்லை. முன்னிலும் தெளிவாகக் காணும். மனிதர் கழிவை மனிதர் அள்ளும் கொடுமையைத் தடை செய்து 2013-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னும் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி மாண்டவர் பலர். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவ்வாறு மாண்டவர் குடும்பத்துக்குரிய இழப்பீட்டை 30 இலட்சம் ரூபாயாக உயர்த்திற்று. இந்த மரணங்களையும், மாண்டவரின் மனைவி மக்களையும் படம் பிடித்து உலகத்தின் முன் வைத்தவர்களில் ஒருவர் மதுரைப் பக்கத்துப் புகைப்படக் கலைஞர் பழனிக்குமார். 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரும் அவரே. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு அவர் காமிராப் பயிற்சியும் அளித்து வருகிறார். கையில் காமிரா பெற்ற அப்பிள்ளைகள் தம் தாயின் உழைப்பையும் தம் வீட்டின் வெளிச்சத்தையும் ஒரே கண்ணால் காண்கிறார்கள். போராட்டத்துக்கு அழகு பகையன்று. எதற்காகப் போராடுகிறோம் என்பதை மறவாதிருக்கச் செய்வது அது.

இனி, இப்பொருளின் நெஞ்சுக்கு வருவோம். காண்பது என்பது நம் மக்களுக்குச் சிறிய செய்தியன்று. தீண்டாமையை எல்லோரும் அறிவர். காணாமை என்று ஒன்றும் இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் புரத வண்ணார் என்னும் மக்கள் பகலில் வெளிப்படக் கூடாதென்றும், அவர்கள் கண்ணில் படுதலே தீட்டென்றும் ஒதுக்கப்பட்டிருந்தனர். இரவில் உழைத்து, விடியுமுன் மறைய வேண்டும். 1932-ஆம் ஆண்டு டிசம்பரில் நாளேட்டில் வெளிவந்த அச்செய்தியைப் பாபாசாகேப் அம்பேத்கர் தம் எழுத்தில் எடுத்துக்காட்டியிருக்கிறார். அம்மக்கள் வெளுத்தவை யாருடைய ஆடைகள்? தீண்டப்படாதார் எனப்பட்ட நம் முன்னோரின் ஆடைகள். அந்த வெள்ளைத் துணியை உடுத்தவர்கள் அதை வெளுத்த முகத்தைப் பகலில் கண்டதில்லை. தம்மத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் இதனை நினைத்துப் பார்க்க வேண்டும். நம்மைப் பிறர் காணவில்லை என்று முறையிடும் நமக்கு, நாம் காணவேண்டிய முகம் ஒன்றும் இருக்கிறது.

பகவரின் கண் எத்தகையது என்பதற்குச் சுநீதரின் வரலாறு சான்று. அவர் தாழ்ந்தவர் எனப்பட்ட குடியில் பிறந்து, வாடிய பூக்குப்பையை வாரி வாழ்ந்தவர். எதிர்ப்பட்டாரை எல்லாம் வணங்கி ஒதுங்கி நின்றவர். ஒரு நாள் பகவர் பிக்குகள் சூழ மகதத்தின் தலைநகருக்குள் வருவதைக் கண்டு, காவுதடியை இறக்கிவிட்டு வணங்கினார். ஊரார் அனைவரும் அவரைக் கடந்து சென்றவர்களே. பகவர் ஒருவரே அவருக்காக நின்றார். நின்று கண்டார், சங்கத்துக்கு அழைத்தார். அதன்பின் சுநீதர் தாமே பாடியருளிய பாடல்கள் தேரகாதையில் இன்றும் உள்ளன. ஒருவரை நின்று காண்பது என்பது அவருடைய வாழ்வையே மாற்ற வல்லது.

நம் வீட்டுச் சுவர்களை நோக்குவோம். ஒரு புறம் புத்தர் படம். மறு புறம் பாபாசாகேப் படம். 1956 அக்டோபர் 14-ஆம் நாளுக்குப் பின் நம் வீடுகள் பெற்ற பெருஞ்செல்வம் அவை. அவற்றின் கீழே நம் பாட்டியின் படம் இருக்கிறதா? பல வீடுகளில் இல்லை. இருந்தால், குடும்ப அட்டையிலோ வாக்காளர் அட்டையிலோ இருந்ததை, அவர் இறந்த மறுநாள் பெரிதாக்கி மாட்டிய மங்கலான முகம். அரசாங்கம் அடையாளத்துக்காக எடுத்த அந்த ஒரு படத்தைத் தவிர, அறுபது எழுபது ஆண்டுகள் உழைத்து நம்மை ஆளாக்கிய முகத்தை எவரும் படமாக எடுக்கவில்லை. வறுமை ஒரு காரணம். வேறொரு காரணமும் உண்டு. நம் முகமும் நம் தெருவும் படத்துக்குரியவை அல்ல என்னும் எண்ணம் நம் நெஞ்சிலேயே விதைக்கப்பட்டிருந்தது.

அவ்விதை இன்னும் முளைக்கிறது. நம் பிள்ளைகள் பிறருடைய மோட்டார் வண்டியின்மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வணிக வளாகத்தின் கண்ணாடி மாடிக்கு முன் எடுத்துக்கொள்கிறார்கள். தம் வீட்டு வாசலில் எடுத்துக்கொள்ள நாணுகிறார்கள். சுவர்ப்பூச்சு உதிர்ந்திருப்பது படத்தில் விழுந்துவிடுமோ என்று ஒதுங்குகிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. பிறர் கண்ணைக் கடன் வாங்கித் தம்மைப் பார்க்கிறார்கள். அக்கடனுக்கு வட்டி கட்டி மாளாது. அவர்களுக்கு அவர்களுடைய கண்ணைத் திருப்பிக் கொடுப்பதே நம் கடமை. "அம்மா மாவு அரைக்கும் கையை இன்று ஒரு படம் எடுத்து வா" என்று நம் ஞாயிற்றுப் பள்ளியில் ஒரு சிறுமியிடம் சொன்னோம். எடுத்து வந்தாள். "அய்யா, அம்மா கையில இவ்ளோ கோடு இருக்குறது எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள். இதனினும் பெரிய தம்ம பாடத்தை நாம் அவளுக்குக் கற்பித்ததில்லை.

படமே இல்லாமல் மறைந்துவிட்ட முன்னோருக்கு என் செய்வது? சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள் அங்குள்ள அமராவதிச் சிற்பங்களைக் காண்க. ததாகதரை மனித உருவில் வடிக்காத தொல்காலத்தில், சிற்பிகள் வெற்றாசனம், போதி மரம், திருவடிச் சுவடு ஆகியவற்றைச் செதுக்கினார்கள். அவர் அமர்ந்த இடமே அவரை நினைப்பூட்டப் போதுமானதாயிருந்தது. அவ்வாறே, பாட்டியின் முகம் இல்லையென்றால் அவர் வெற்றிலை இடித்த சிற்றுரலைப் படம் எடுங்கள். தாத்தா அமர்ந்த திண்ணையின் தேய்ந்த மூலையை எடுங்கள். கோலார் தங்கவயலில் 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின்னும் வரிசை வீடுகள் இருக்கின்றன. சயனைட் மண்மேடுகள் இருக்கின்றன. அம்மேடுகளில் மாலை வெயில் விழும் நிறமும் உண்மை. அம்மண் நம்மவர் உயிரைக் குடித்துக் குவிந்தது என்பதும் உண்மை. அவை கரையுமுன் எடுங்கள்.

இறுதியாக ஓர் ஐயம். அழகைக் காண்பதும் அதைப் படமாக்கிச் சேர்ப்பதும் பற்று அல்லவா? பற்றை அறுக்கும் தம்மத்தில் இதற்கு இடம் உண்டா? உண்டு, எவ்வாறெனில், கண்டதை எனது என்று இறுக்கினால் பற்று, கண்டு, நன்று என்று உணர்ந்து, விட்டுவிட்டால் அது பற்றன்று. நாளொரு படம் எடுப்பவன் நாளொன்றையும் விட்டுவிடவே கற்கிறான். நேற்றைய படம் எவ்வளவு நன்றாயிருந்தாலும் இன்றைக்கு உதவாது. இன்றைக்கு இன்றையதே வேண்டும்.

இதைக் கைக்கொள்ள விரும்புவோர் ஐந்து நெறிகளைக் கடைப்பிடிக்கலாம். முதலாவது, ஒரு நாளைக்கு ஒரே படம். வழக்கமாக நடக்கும் வழியிலேயே, இருக்கும் இடத்திலேயே. இரண்டாவது, எடுக்குமுன் மூன்று மூச்சு நின்று பார்த்தல். மூன்று மூச்சுக்குள் அந்தப் பறவை பறந்துவிட்டால், கண்டது போதும் என்று மகிழ்ந்து நடங்கள். மூன்றாவது, மனிதரைப் படம் எடுப்பதாயின் அவரிடம் கேட்டு எடுத்தல். கொடாததைக் கொள்ளாமை நம் ஐந்து சீலங்களுள் ஒன்று. ஒருவர் கொடாத முகத்தையும் கொள்ளலாகாது. நான்காவது, எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணிக்கொண்டிராமை. ஐந்தாவது, பௌர்ணமிதோறும் குடும்பத்தோடு அமர்ந்து அத்திங்களின் படங்களைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் பிடித்த ஒன்றை அச்சிட்டு வைத்தல். ஆண்டுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ பௌர்ணமிகள். பத்தாண்டில் நம் மக்களின் வரலாறு ஒரு பெட்டியில் இருக்கும். கைப்பேசி இல்லாதவர்கள் வருந்த வேண்டா. நாளொன்றுக்கு ஒரு காட்சியை நின்று கண்டு, இரவில் படுக்குமுன் வீட்டாரிடம் அதைச் சொல்லுங்கள். கருவியின்றியே பயன் முழுவதும் கிட்டும்.

ததாகதர் தம் எண்பதாம் அகவையில், உடல் தளர்ந்து, வேசாலி நகரத்தில் இருந்தார். இறுதி நெருங்கிவிட்டது என்பதை அவர் அறிவார். அந்நிலையிலும் ஆனந்தரை நோக்கி வேசாலி எவ்வளவு இனியது, அதன் சேதியங்கள் எவ்வளவு இனியவை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாராட்டினார். பின்னர், அந்நகரில் பிச்சை ஏற்று உண்டு வெளியேறும்போது, யானை தன் முழு உடலையும் திருப்பிப் பார்ப்பது போலத் திரும்பி நின்று நகரத்தை நோக்கினார். வேசாலியை நாம் காண்பது இதுவே இறுதி என்று ஆனந்தரிடம் கூறிவிட்டு நடந்தார்.

பற்றை முற்றும் அறுத்தவரின் பார்வை அது. அவருக்கு அந்நகரம் வேண்டியிருக்கவில்லை. ஆயினும் தலையை மட்டும் திருப்பாமல் முழு உடலோடும் திரும்பினார். காண்பதானால் முழுமையாகக் காண வேண்டும். கண்டபின் முழுமையாக நடந்துவிட வேண்டும். இவ்விரண்டும் அந்த ஒரு நோக்கில் அடங்கிவிட்டன.

சகோதர சகோதரிகளே! நாளை காலை வாசற்கதவைத் திறக்கும்போது தெருவை முழு உடலோடும் திரும்பிப் பாருங்கள். அதைத் துடைப்பத்தால் பெருக்கிச் சென்றவரின் விசிறி போன்ற கோடுகள் மண்ணில் இருக்கும். வண்டிகள் வந்து அழிக்குமுன் ஒரு முறை பாருங்கள். அவர் இன்னும் தெருமுனையில் நின்றிருந்தால், அவர் பெயரைக் கேளுங்கள். படம் எடுப்பது அதன் பின்.

எல்லா உயிர்களும் நலமுறுக. நற்காட்சி பெருகுக.

சாது! சாது! சாது!